கடற்கரையில் பங்குக் கிணறு வெட்டிய சேவையர்

கோழிகளைக் கூட்டுக்குள் அடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எங்கள் மணற்சிற்பப் போட்டிக் குழுவின் பொருளாளர். வழமையாக "அக்கா, சுகமோ, சாப்பிட்டாச்சோ" என்று நீட்டி முழக்குகிற மனிதர், அன்றைக்கு ஒரே மூச்சில் சொன்னார்.

"அக்கா, சேவையர் அண்ணை போயிட்டார்."

"எங்கை போயிட்டார்? நாளைக்கெல்லோ கூட்டம்? ஒலிபெருக்கிக்காரனோட கதைக்கிறது அவரின்ர வேலை. அதையும் என்ர தலையிலை கட்டிப்போட்டு எங்கை போயிட்டார்?"

பொருளாளர் குரலைத் தாழ்த்தி, "மோசம் போயிட்டார் அக்கா" என்றார். பின்னேரம் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே உயிர் போயிருக்கிறது. முன் வீட்டுக்காரர் போய்த் தட்டிப் பார்த்திருக்கிறார்.

அந்த நேரத்திலும் என் வாய் அடங்கவில்லை. "அவரின்ர தமக்கை பரமேஸ் அக்காவுக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டேன்.

"தெரியுமாம் அக்கா. ஒண்டும் கதைக்கேல்லையாம்."

"கதைக்க மாட்டா" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். கோழிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். என் மனுசன் வந்துதான் தூக்கிவிட்டார்.

கந்தசாமி அண்ணையை அறிந்த உங்களுக்கு நான் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாரந்தனைக்காரர். அரசாங்க நில அளவையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தீவுப் பகுதியில் 'சேவையர்' என்று சொன்னால் அவர்தான். மனைவி முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகன் கனடாவில். நான் அல்லைப்பிட்டிக்காரி, கடலுக்குப் போகிற குடும்பம், முன்பள்ளியில் படிப்பித்து ஓய்வெடுத்தவள். அவர் வயல்காட்டுப் பக்கத்துச் சைவக்காரர். எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக்கியது வருடா வருடம் எங்கள் கடற்கரையில் நடக்கிற மணற்சிற்பப் போட்டி. அவர் தலைவர், நான் செயலாளர். அவர் மெதுவாகச் சொல்லுவார், நான் அதையே கத்திச் சொல்லுவேன். வேலை நடந்துவிடும்.

அவருடைய அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடித்த 'கல்வெட்டு' நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவர் மகன் என்னிடம் கேட்டார். ஏலாது என்று சொல்லிவிட்டேன். துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால். ஆத்திரம் யார்மேல் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். பக்கத்து வளவு வீட்டில் இருந்துகொண்டு, இத்தனை வருடம் தன் கூடப்பிறந்த தம்பியோடு ஒரு வார்த்தை பேசாமல் அவரை அனுப்பிவிட்ட பரமேஸ் அக்காமேல்தான். இப்போது எழுதுகிறேன் என்றால் அந்த ஆத்திரத்துக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தச் சண்டையை முதலில் சொல்கிறேன். தாயின் காணியை இரண்டாகப் பிரித்து, நடுவில் கிளுவை வேலி போட்டு, அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு வீட்டில் இருந்தவர்கள். யுத்தத்தில் தீவே எழும்பிப் போனது. திரும்பி வந்து பார்த்தால் வீடுகள் பாதி நின்றன, வேலி என்று ஒன்று இல்லை. எல்லைக் கல் எது, இடிந்த சுவர்க் கல் எது என்று தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது. ஊர் முழுக்க இதே கதை. எல்லோரும் சேவையர் அண்ணையைத்தான் கூப்பிட்டார்கள். அவர் அளவுச் சங்கிலியோடு வளவு வளவாக நடந்து, முளைக்கட்டை அடித்துக் கொடுத்தார். நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய எத்தனையோ வழக்கு அவர் அடித்த கட்டையோடு நின்றது. எங்கள் சனம் ஒரு முழ மண்ணுக்காக மூன்று தலைமுறை வழக்குப் பேசும் என்பது தெரிந்ததுதானே.

எல்லோருடைய காணியையும் அளந்து முடித்துவிட்டுக் கடைசியில் தன் வளவுக்கு வந்தார். அங்கேதான் பிழைத்தது. வேறொரு சேவையரைக் கூப்பிட்டிருக்கலாம். மனுசன் தன் காணியைத் தானே அளந்தார். அவருக்கு முன்னமே ஊர் திரும்பிவிட்ட பரமேஸ் அக்கா, எல்லை இங்கேதான் என்று நினைத்து ஒரு முருங்கை வைத்திருந்தா. அது காய்க்கவும் தொடங்கிவிட்டது. காணி உறுதிப் பத்திரத்தின்படி பார்த்தால் எல்லை முருங்கைக்கு அங்காலே போயிற்று. முருங்கை அண்ணையின் வளவுக்குள் வந்துவிட்டது.

"அளவு அப்பிடித்தான் வருகுது அக்கா" என்று சொல்லியிருக்கிறார்.

பரமேஸ் அக்கா முருங்கையைப் பார்த்தாவாம். தம்பியைப் பார்த்தாவாம். "அளந்து முடிஞ்சுதோ?" என்று கேட்டாவாம்.

"ஓம் அக்கா."

"அப்ப என்னோட கதைக்கிறதும் முடிஞ்சுது."

அதோடு சரி. அளந்த கோட்டிலேயே திரும்பவும் கிளுவை வேலி எழும்பியது. நல்ல நாள் பெருநாளுக்கும் கதையில்லை. அண்ணையின் மனைவி செத்த வீட்டுக்கும் ஊரோடு ஊராக வந்துவிட்டுப் போனா. முருங்கைக்காயை அண்ணை பிடுங்கவில்லை, அவவும் பிடுங்கவில்லை. காய்கள் மரத்திலேயே முற்றி நெற்றாகிக் காற்றில் அடிபட்டுக் கிடந்தன.

அண்ணை இதையெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்துகிற ஆள் இல்லை. என்னிடம் ஒரேயொரு தடவைதான் வாய் திறந்தார். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே சொன்னார். "றீற்றா, நான் அளந்தது சரி. அளக்க வெளிக்கிட்டதுதான் பிழை." ஒரு கதிரையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். அவருக்கு வேண்டியிருந்தது என்னவென்று அன்றைக்கு எனக்கு விளங்கிவிட்டது. காணியும் இல்லை, முருங்கையும் இல்லை. சாகிறதுக்கு முதல் அக்கா தன்னோடு கதைக்க வேண்டும். அவ்வளவுதான்.

இனிப் போட்டிக்கு வருகிறேன். முதல் வருடம் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மணலில் கயிறு கட்டி ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டு பிரித்துக் கொடுத்தோம். மண்டைதீவுப் பெடியள் திமிங்கிலம் செய்தார்கள். அதன் வால் ஒரு சாண் கயிற்றைத் தாண்டிப் பக்கத்துக் குழுவின் மாளிகைக்குள் போய்விட்டது. ஐயோ, அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்க வேண்டுமே! மாளிகைக்காரர் வாலை வெட்டினார்கள். வால்காரர் மாளிகைச் சுவரை உதைத்தார்கள். தாய் தகப்பன்மாரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். பின்னேரம் கடல் வந்து கரைத்துக்கொண்டு போகப்போகிற மண்ணுக்கு எல்லைச் சண்டை!

அடுத்த வருடம் இன்னும் மோசம். ஒரு குழு தென்னோலை மட்டை கொண்டுவந்து நட்டுத் தங்கள் துண்டைச் சுற்றி வேலியே அடைத்துவிட்டது. "மற்றவை பாத்துச் செய்து போடுவினம்" என்று காரணம் சொன்னார்கள். நடுவர்கள் வந்து, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் புள்ளி போட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் போய் வேலியைப் பிடுங்கி எறிந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

மூன்றாம் முறை கூட்டத்தில், "சேவையர் இருக்கிறார்தானே, ஒழுங்காய் அளந்து துண்டு பிரிச்சுத் தரட்டும்" என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணை கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "கடற்கரையை நான் அளக்கமாட்டன்" என்றார். எனக்கு விசர் பிடித்த மாதிரிக் கோபம் வந்தது. சம்பளத்துக்கு ஊரையெல்லாம் அளந்தவர், நாங்கள் கேட்டால் மாட்டாராம். வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "றீற்றா, மண் சிற்பத்துக்கு முதலிலை என்ன வேணும்?" என்று கேட்டார்.

"மண்."

"காய்ஞ்ச மண் நிக்குமோ?"

"நிக்காது. தண்ணி வேணும்."

"அதுதான் சொல்லுறன். ரெண்டு குழுவுக்கு நடுவிலை ஒரு கிடங்கு வெட்டட்டும். கடற்கரை மண்ணிலை கொஞ்சம் வெட்டினால் தண்ணி ஊறும். ரெண்டு பகுதியும் அதிலைதான் அள்ள வேணும். பங்குக் கிணறு. கிணறு பங்கெண்டால் எல்லை கிணத்துக்கை தண்ணிக்கு அடியிலை கிடக்கும். வேணுமெண்டவை இறங்கி எடுக்கட்டும் பாப்பம்."

பங்குக் கிணறு என்றால் எங்கள் சனத்துக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. காணி பிரிந்தாலும் கிணறு பிரிவதில்லை. உறுதியிலேயே 'கிணற்றில் பங்கு' என்று எழுதித்தான் வைப்பார்கள். வேலிச் சண்டையில் வெட்டுக்குத்து நடந்தாலும் தண்ணீர் அள்ள வருகிறவரை யாரும் மறிப்பதில்லை. அந்த வருடத்திலிருந்து போட்டி தொடங்குகிற விதமே மாறிவிட்டது. விசில் ஊதினவுடன் ஒருவரும் சிற்பத்தில் கை வைக்கக்கூடாது. பக்கத்துக் குழுவோடு சேர்ந்து முதலில் கிணறு வெட்ட வேண்டும். தண்ணீர் ஊறி வருகிறபோது கடற்கரை முழுக்க ஒரு கூச்சல் எழும்பும் பாருங்கள், முதல் பரிசு அறிவிக்கிறபோதுகூட அவ்வளவு சத்தம் வருவதில்லை. சேர்ந்து வெட்டினவர்கள் பிறகு வாலுக்கும் சுவருக்கும் சண்டை பிடிக்கவில்லை. வெட்கம் வந்துவிட்டதோ என்னவோ.

அவருடைய குணத்துக்கு இன்னொன்று சொல்லவேண்டும். எங்கள் அல்லைப்பிட்டிப் பெண்கள் ஒருமுறை பெரிய நண்டு ஒன்று செய்தார்கள். வீட்டில் நண்டு துப்பரவாக்குகிற கைகள், அச்சு அசலாய் வந்திருந்தது. நடுவர்கள் பக்கத்துச் சிற்பத்தில் நிற்கிறபோது நண்டின் பெரிய கடிகால் பொத்தென்று விழுந்துவிட்டது. ஒருத்தி அழத் தொடங்க, மற்றவர்களும் அழத் தொடங்கிவிட்டார்கள். நான் நடுவர்களை மறித்து இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுச் சண்டை பிடிக்கப் போனேன். அண்ணை ஒலிவாங்கியை வாங்கினார். "இப்ப நடுவர்மார் காலொடிஞ்ச நண்டு ஒண்டைப் பாக்கப் போகினம். வலையிலை பட்டுத் தப்பி வந்த நண்டு. கடல் தொழில் செய்யிற ஆக்களுக்குத் தெரியும், நண்டுக்குக் கால் திரும்ப முளைக்கும். அதாலை ஒருத்தரும் அழத் தேவையில்லை" என்றார். கடற்கரையே சிரித்தது. அந்தப் பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டாம் பரிசு கிடைத்தது. வயல்காட்டு மனுசனுக்கு நண்டின் கதை எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். "உம்மட மனுசனிட்டைத்தான் கேட்டனான். கடற்கரையிலை நிண்டுகொண்டு கடலைப் பற்றி ஒண்டும் தெரியாமல் இருந்தால் சரியோ?" என்றார்.

போன முறைப் போட்டியில் ஓய்வூதியர் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல். ஆள் குறைகிறது என்று அண்ணையைப் பிடித்து இழுத்துக் குழுவில் போட்டார்கள். நாரந்தனை மாதர் சங்கக் குழுவின் பெயர்களைப் பார்த்தேன். பரமேஸ் அக்காவின் பெயர் இருந்தது. யாருக்குப் பக்கத்தில் யார் என்று இடம் போடுகிறவள் நான். இரண்டு குழுவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். ஓம், வேண்டுமென்றுதான் போட்டேன். திரும்பவும் கேட்டாலும் அப்படித்தான் போடுவேன்.

அண்ணை வந்து இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "செயலாளர் அம்மா, இது தற்செயலா வந்ததோ, உம்மட மண்டைக்குள்ளாலை வந்ததோ?"

"என்ர மண்டைக்குள்ளாலைதான். ஏன், உங்களுக்குத் தண்ணி வேண்டாமோ?"

சிரித்தார். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றித் துடைத்தார்.

விசில் ஊதினேன். மாதர் பக்கத்திலிருந்து கிணறு வெட்ட யாராவது இளம் பெண் வருவாள் என்றுதான் நினைத்தேன். பரமேஸ் அக்கா சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "நான் வெட்டுறன்" என்று மண்வெட்டியோடு வந்து நின்றா. இந்தப் பக்கம் அண்ணை. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக வெட்டத் தொடங்கினார்கள். நான் நடுவில் நின்றேன்.

"றீற்றா, உங்கை நிக்கிறவரிட்டைச் சொல்லும். நேரா வெட்டினால் கரை இடியும், சரிச்சு வெட்டட்டும்" என்றா அக்கா, என் முகத்தைப் பார்த்து.

"அண்ணை, சரிச்சு வெட்டட்டாம்."

"அவவிட்டைச் சொல்லும் றீற்றா, எனக்கு வெட்டத் தெரியும் எண்டு."

"அக்கா, அவருக்கு வெட்டத் தெரியுமாம்."

"தெரிஞ்சவர் வெட்டுற வெட்டைப் பாரும் எண்டு சொல்லும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் என்ன உங்களுக்கு ரேடியோப் பெட்டியோ? மூண்டு முழம் தள்ளி நிண்டுகொண்டு ஒருத்தருக்கொருத்தர் ஆள் விடுறியள்! என்னவாவது செய்யுங்கோ!" என்று கத்திவிட்டுத் திரும்பி நடந்தேன். சில அடி போயிருப்பேன்.

"டேய்! காலை எடு!"

திரும்பினேன். கரை இடிந்து அண்ணை முழங்காலளவு தண்ணீருக்குள் நிற்கிறார். பரமேஸ் அக்கா அவருடைய சேட்டுச் சட்டைக் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறா. அவர் ஏறி வந்தவுடன் கையை விட்டா. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினா. வாளியைத் தூக்கிக்கொண்டு தன் குழுவிடம் போய்விட்டா. அதற்குப் பிறகு அன்றைக்கு அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு குழுவுக்கும் பரிசு இல்லை. மாதர் செய்த மாடு பரவாயில்லை. ஓய்வூதியர் செய்த முதலையைப் பார்த்து நடுவர் ஒருவர் "இது உடும்போ?" என்று கேட்டார்.

எல்லோரும் போனபிறகு அண்ணை கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்தில் சாய்ந்து இருந்தார். இடுப்புச் சாரம் முழுக்க ஈரம், சேட்டுக் கை கிழிந்து தொங்கியது. முகத்தைப் பார்த்தால் முதல் பரிசு எடுத்தவர் தோற்றுப்போவார்.

"அவ்வளவுதானோ அண்ணை? பேந்தும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போறா."

"றீற்றா, அக்கா என்னை டேய் எண்டு கூப்பிட்டவ. எனக்கு ஒரு டேய் காணும், போதும்."

"உங்களுக்குக் காணும். எனக்குக் காணாது" என்றேன். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு சில மாதங்களில்தான் அந்தத் தொலைபேசி வந்தது.

செத்த வீட்டுக்கு மகன் வந்து சேர்ந்தபிறகுதான் கிரியை நடந்தது. தீவுப் பகுதி முழுக்க அங்கே நின்றது. எங்கள் கடற்கரைச் சனம் வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு வந்திருந்தது. நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், ஆனாலும் என் மனுசன் பாடை கட்டக் கயிறு பிடித்தார். நான் பரமேஸ் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தா. அரிசியைப் போட்டா. அண்ணையின் தோளில் கிடந்த சால்வையின் மடிப்பு குலைந்திருந்தது, அதைச் சரி செய்தா. ஒரு துளி கண்ணீர் இல்லை. ஒரு சொல் இல்லை. திரும்பித் தன் படலைக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டா. பின்னால் நின்ற பெண்கள் குசுகுசுத்தார்கள். நான் குசுகுசுக்கிற ஆள் இல்லை. "கல் நெஞ்சுக்காரி" என்று நன்றாகவே சொன்னேன். கேட்டிருக்கும்.

அந்தியேட்டி முடிந்து மகன் புறப்படுகிறபோது, "அன்ரி, இடைக்கிடை வந்து வீட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சாவியை என் கையில் தந்துவிட்டுப் போனார். ஒரு பின்னேரம் பஸ் எடுத்து நாரந்தனைக்குப் போனேன். முற்றத்தில் சருகு சேர்ந்திருந்தது. கூட்டத் தொடங்கினேன். வேலிக்கு அங்காலே பரமேஸ் அக்கா நடமாடுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், விளக்குமாற்றை எறிந்துவிட்டு நேரே அவவின் படலைக்குப் போனேன்.

"அக்கா, நீங்கள் கோவிச்சாலும் பரவாயில்லை, கேட்காமல் போகமாட்டன். ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாம்தானே? அந்த மனுசனை ஒரேயொரு டேயோட அனுப்பிப் போட்டியளே! உங்களுக்கு நெஞ்சு இல்லையோ?"

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. "கத்தி முடிஞ்சுதோ? முடிஞ்சால் உள்ளுக்கை வாரும்" என்றா.

சமைக்கிற குசினிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனா. வேலிக்கரையில் ஒரு மரக் கதிரை. அதற்கு நேரே, முக உயரத்தில், கிளுவை இலையெல்லாம் கிள்ளி ஒரு ஓட்டை மாதிரி விட்டிருந்தது. குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கம், அண்ணையின் வளவில், முருங்கை நிழலில் இன்னொரு கதிரை.

"உதிலைதான்" என்றா. "ஒவ்வொரு பின்னேரமும். தேத்தண்ணியோட."

ஓட்டையால் இன்னொரு தடவை பார்த்தேன்.

"எப்ப தொடக்கம்?"

"போட்டி முடிஞ்ச கையோட. கிழிஞ்ச சேட்டை வேலிக்கு மேலாலை நீட்டினவன். 'அக்கா, நீங்கள் இழுத்துத்தான் கிழிஞ்சது, நீங்கள்தான் தைச்சுத் தர வேணும்' எண்டான். நான் பேசாமல் வாங்கினன். தைச்சன். குடுக்கேக்கை ஒண்டு சொன்னன், அவனும் ஒண்டு சொன்னான். அப்பிடியே."

"காணிச் சண்டை?"

"அது அப்பிடியேதான். நான் விடேல்லை, அவனும் விடேல்லை. அவன்தான் சொன்னவன், 'அக்கா, சண்டை சண்டையாய்க் கிடக்கட்டும். நாங்கள் கதைப்பம்' எண்டு."

"ஊருக்கு ஏன் சொல்லேல்லை? எனக்காவது சொல்லியிருக்கலாமே!"

"உமக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரித்தானே? இத்தனை வருசம் முறைச்சுக்கொண்டு திரிஞ்சுபோட்டு, இப்ப இளிச்சுக்கொண்டு நிண்டால் சனம் சிரிக்காதோ? எனக்கு வெக்கமாக் கிடந்தது பிள்ளை. அவன் ஓமெண்டு வாயை மூடிக்கொண்டான்."

அப்போதும் எனக்கு அடங்கவில்லை. "செத்த வீட்டிலை ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லையே அக்கா?"

"உங்களுக்குக் காட்டி அழ வேணுமோ?" என்றா. குரல் உடைந்துவிட்டது. "அண்டைக்குப் பின்னேரம் அவன் வரேல்லை. தேத்தண்ணி ஆறிப்போச்சு. டேய், டேய் எண்டு கூப்பிட்டுப் பாத்தன். பேந்துதான் ஓடிப்போய் முன் வீட்டுக்காரரைப் பாக்கச் சொன்னனான்."

நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவவும் அழுதா. செத்த வீட்டில் அழாத அழுகையெல்லாம் அந்தக் குசினிப் பின்புறத்தில் இரண்டு கிழவிகள் அழுது முடித்தோம். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்படி என்னதான் கதைத்தீர்கள் என்று கேட்டேன். அம்மாவைப் பற்றி, முருங்கையைப் பற்றி, மகன் சமைக்கத் தெரியாமல் கனடாவில் படுகிற பாட்டைப் பற்றி. கூடுதலாக என்னைப் பற்றியாம். "நீர் கத்தாட்டி உந்தக் கடற்கரையிலை ஒரு பிடி மண்ணும் எழும்பாதாம். அப்பிடிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்." நேரே என்னிடம் ஒருநாளும் சொல்லாத மனுசன்.

அண்ணையின் பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. சங்கிலியையும் கருவிகளையும் மகன் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். இந்த முறையும் போட்டி நடக்கும், பங்குக் கிணறு வெட்டித்தான் தொடங்கும், அது இனி ஊரின் சொத்து. எனக்கென்று நான் வைத்திருப்பது வேறு. கிழமையில் ஒருநாள் நாரந்தனைக்குப் போகிறேன். வீட்டைத் திறந்து கூட்டி, விளக்குமாற்றை மூலையில் வைத்துவிட்டு, முருங்கைக்குக் கீழே கிடக்கிற அந்தக் கதிரையில் போய் இருக்கிறேன். வேலி ஓட்டையால் தேத்தண்ணிக் கோப்பை வரும்.

முதல்நாள், "அக்கா, இதென்ன விளையாட்டு, நான் படலையாலை உங்கடை பக்கம் வாறனே, ரெண்டு பேரும் ஒண்டா இருந்து குடிப்பம்" என்று எழும்பினேன்.

"வேண்டாம் பிள்ளை, நீர் அங்காலையே இரும்" என்றா பரமேஸ் அக்கா. "நான் இஞ்சாலை இருந்து பாக்கேக்கை அங்கை ஆராவது இருக்கோணும்."

இருக்கிறேன்.